சுவரே இல்லாத கிருமிக்குச் சுவரைக் குலைக்கிற மருந்தா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். மகனுக்கு நான்கு வயது, பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் பாலர் பள்ளிக்குப் போகிறான். மூன்று நாளாகக் காய்ச்சல், 38.5 டிகிரி வரை ஏறி இறங்குகிறது. முதல் நாள் தண்ணீர் மாதிரி ஒழுகிய மூக்கு இப்போது மஞ்சளும் பச்சையுமாக வருகிறது, இருமலும் இருக்கிறது. கிளினிக்கில் டாக்டர் காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, "வைரஸ்தான்" என்று பாராசிட்டமால் சிரப் மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மாமியாருக்கு மனம் ஆறவில்லை: "அவ்வளவு காசு வாங்கிக்கிட்டு ஒரு ஆன்டிபயாடிக்கூட குடுக்கலையே." ஐஸ்பெட்டியில் நாத்தனார் பிள்ளைக்குப் போன மாதம் வாங்கிய அமாக்சிசிலின் சிரப் பாதிப் போத்தல் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா, கொடுக்காவிட்டால் உடம்பு தானாக எப்படிச் சமாளிக்கும் என்பதுதான் கேள்வி.

கொடுக்காதீர்கள். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன், ஆனால் போத்தல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அந்தச் சிரப் மருந்தகத்துக்குத் தூளாகத்தான் வரும், கொடுக்கும்போதுதான் தண்ணீர் கலப்போம். கலந்த நாளிலிருந்து 7 நாளோ 14 நாளோதான் அதன் ஆயுள், எவ்வளவு என்று லேபிளில் இருக்கும். போன மாதம் கலந்த மருந்தில் இப்போது என்ன வீரியம் மிச்சம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அது போக, அளவு அந்தப் பிள்ளையின் எடைக்குக் கணக்கிட்டது, உங்கள் மகனின் எடைக்கு இல்லை. நான் பட்டர்வொர்த்தில் இருபது வருடத்துக்கு மேலாக மருந்தாளராக இருக்கிறேன். "மிச்சம் இருந்துச்சு, குடுத்துட்டேன்" என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்லிக் கேட்கிறேன். எல்லாரும் பிள்ளை மேல் உள்ள பாசத்தில் செய்வதுதான், அதனால்தான் கோபப்படாமல் உட்கார்ந்து விளக்குவேன்.

சரி, மருந்து புதிதாகவே இருந்தால்? அப்போதும் வேண்டாம். ஏன் என்பதற்கு ஒரு சுவரைப் பற்றிப் பேச வேண்டும்.

பாக்டீரியா என்பது தனியாக வாழத் தெரிந்த உயிர். அது தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டு இருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகளை நீளவாக்கில் ஓட்டி, புரதத் துண்டுகளால் குறுக்கே பின்னிய வலை அது, பெப்டிடோகிளைக்கான் என்று பெயர். பாக்டீரியாவின் உள்ளே அழுத்தம் மிக அதிகம், அந்தச் சுவர் இல்லையென்றால் தண்ணீர் உள்ளே புகுந்து அது வெடித்தே போகும். பெனிசிலின், அமாக்சிசிலின் எல்லாம் செய்கிற வேலை இதுதான்: குறுக்குப் பின்னல் போடுகிற நொதியைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. பாக்டீரியா வளர்ந்துகொண்டே இருக்கும், சுவரில் பின்னல் விழாது, ஒரு கட்டத்தில் உடைந்துவிடும். நம்முடைய செல்லுக்கு அப்படிச் சுவரே கிடையாது, அதனால்தான் அந்த மருந்து நம்மை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்கிறது. மற்ற ஆன்டிபயாடிக்குகளும் இதே மாதிரி, பாக்டீரியாவிடம் இருக்கிற, நம்மிடம் இல்லாத ஏதாவது ஒன்றைக் குறிவைப்பவைதாம். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் பாக்டீரியாவின் புரதம் செய்யும் ரைபோசோமை நிறுத்துகின்றன, நம்முடைய ரைபோசோமின் அமைப்பு வேறு. சல்ஃபா மருந்துகள் பாக்டீரியா தானே ஃபோலேட் என்ற வைட்டமினைத் தயாரித்துக்கொள்வதைத் தடுக்கின்றன, நாம் கீரையிலிருந்து அதை எடுத்துக்கொள்வதால் நமக்கு அதில் நஷ்டமில்லை.

இப்போது வைரஸுக்கு வாருங்கள். ஒரு சின்ன மரபணுத் துண்டு, அதைச் சுற்றி ஒரு புரத உறை, சிலவற்றுக்கு அதன் மேல் ஒரு கொழுப்புப் படலம். அவ்வளவுதான். சுவர் இல்லை, ரைபோசோம் இல்லை, சொந்தமாக எதையும் செய்துகொள்ளத் தெரியாது. நம் செல்லுக்குள் நுழைந்து, நம்முடைய அடுப்பிலேயே தன் சமையலைச் செய்துகொள்கிறது. அமாக்சிசிலின் பிடிப்பதற்கு அதனிடம் ஒன்றுமே கிடையாது. டாக்டர் கஞ்சத்தனத்தில் கொடுக்காமல் விடவில்லை, கொடுத்தால் அது போய் வேலை செய்ய இடமில்லை. (வைரஸுக்கு மருந்தே இல்லை என்று அர்த்தமில்லை. இன்ஃப்ளூயன்சாவுக்கு ஓசெல்டாமிவிர், ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர் என்று தனித்தனியாக உண்டு, ஆனால் ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றுக்கு உதவாது, சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.)

அப்படியானால் யார் குணப்படுத்துவது? உங்கள் மகனின் உடம்புதான். இந்தப் பகுதியைத்தான் நான் நிறையப் பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நம் மக்கள் "எதிர்ப்பு சக்தி" என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே டப்பாவில் விற்கிற பொருளாகிவிட்டது. பிறக்கும்போதே கூட வருகிற காவல் ஒன்று இருக்கிறது, யாரும் கற்றுக்கொடுக்காமலே வேலை செய்கிறது.

பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1928-இல், அது எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சில வருடம் முன்னால், தனக்குச் சளி பிடித்திருந்தபோது தன் மூக்குச் சளியை எடுத்துப் பாக்டீரியா வளர்ந்திருந்த தட்டில் இட்டுப் பார்த்தார். சளி பட்ட இடத்தைச் சுற்றிப் பாக்டீரியா கரைந்து போயிருந்தது. அதில் இருந்த பொருளுக்கு லைசோசைம் என்று பெயர் வைத்து 1922-இல் வெளியிட்டார். கண்ணீரில், எச்சிலில், தாய்ப்பாலில், கோழி முட்டையின் வெள்ளையில்கூட அது இருக்கிறது. அது எதை வெட்டுகிறது தெரியுமா? அதே சுவரை. சர்க்கரைச் சங்கிலியின் கண்ணியை நறுக்குகிறது. பெனிசிலின் சுவர் கட்டவிடாது, லைசோசைம் கட்டிய சுவரை அறுக்கும். அதாவது மருந்துக் கம்பெனிகள் வருவதற்கு எத்தனையோ யுகம் முன்பே நம் கண்ணீருக்கு அந்தச் சுவர் தெரிந்திருக்கிறது. கொடிய பாக்டீரியாக்கள் பல அதைத் தாங்கிக்கொள்ளும், அதனால்தான் லைசோசைம் ஒரு பெரிய மருந்தாகவில்லை. ஆனால் அது பார்த்துக்கொள்கிற சில்லறைக் கிருமிகள் எண்ணிலடங்காதவை, அவற்றால் நமக்கு நோய் வருவதே இல்லை, அதனால் அந்த வேலை நம் கண்ணுக்குப் படுவதும் இல்லை.

மூக்கிலிருந்து நுரையீரல் வரைக்கும் உள்சுவரில் சளி ஒரு மெல்லிய படலமாக இருக்கிறது, அதன் அடியில் நுண்ணிய மயிரிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து அடித்து, ஒட்டிய தூசையும் கிருமியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம், வயிற்று அமிலம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. சிகரெட் புகை இந்த மயிரிழைகளை மந்தப்படுத்திவிடும். வீட்டில் யாராவது புகைத்தால், பிள்ளைக்குச் சளி சீக்கிரம் போகவில்லையே என்று என்னிடம் கேட்கும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான். புகைமூட்டம் வரும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தச் சொல்வதும் இதனால்தான்.

படலத்தைத் தாண்டி வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்துவிட்டது என்று வையுங்கள். அந்தச் செல் சாவதற்கு முன்னால் அக்கம்பக்கத்துக்குச் செய்தி அனுப்புகிறது. இன்டர்ஃபெரான் என்று பெயர், லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் 1957-இல் கண்டறிந்தது. செய்தி கிடைத்த செல்கள் புரதத் தயாரிப்பைக் குறைத்து, வந்து விழும் மரபணுவை நறுக்கும் நொதிகளைத் தயாராக வைத்துக்கொள்கின்றன. காய்ச்சல் வந்தால் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறதே, அதில் பெரும்பங்கு இந்த இன்டர்ஃபெரானும் அதன் கூட்டாளிகளும் செய்வது, வைரஸ் நேராகச் செய்வது குறைவு.

அப்புறம் விழுங்கும் செல்கள். 1882-இல் மெச்னிகோஃப் என்ற ருஷ்ய விஞ்ஞானி இத்தாலியின் மெசினாவில் இருந்தபோது, கண்ணாடி மாதிரி உடம்புள்ள நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ஒரு சின்ன முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றிச் செல்கள் நகர்ந்து வந்து மொய்த்திருந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் செல்கள் கிருமியை விழுங்கிக் காக்கின்றன என்ற எண்ணம், அதற்காக 1908-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் உடம்பில் இந்த வேலையில் முன்வரிசையில் நிற்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது, ரத்தத்தில் அவை வாழ்வது ஒரு நாள் அளவுக்குத்தான். வருகிறது, விழுங்குகிறது, சாகிறது.

இவை எதைப் பார்த்து "இது வேற்றாள்" என்று கண்டுபிடிக்கின்றன என்பது நீண்ட காலம் புதிராக இருந்தது. விடை, பெரும்பாலும் மறுபடியும் அந்தச் சுவர்தான். சுவரின் துண்டுகள், அதன் மேல் உள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருட்கள், வைரஸின் வித்தியாசமான மரபணு இழை என்று, நம் உடம்பில் இருக்கக்கூடாத சில அடையாளங்களைப் பிடிக்கும் கொக்கிகள் இந்தச் செல்களில் இருக்கின்றன. அந்த வழியைத் திறந்து காட்டியதற்காக ஹாஃப்மனுக்கும் பியூட்லருக்கும் 2011-இல் நோபல் கிடைத்தது.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்வது உங்கள் பச்சைச் சளிக்காகத்தான். நியூட்ரோஃபிலின் உள்ளே கிருமியைப் பொசுக்குவதற்கு ஒரு நொதி இருக்கிறது, அதில் இரும்புச் சத்து கோத்திருப்பதால் அது இயல்பாகவே பச்சை நிறம். ஆயிரக்கணக்கில் செத்த நியூட்ரோஃபில்கள் சளியில் சேரும்போது சளி மஞ்சளாகி, பச்சையாகிறது. வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாள் இப்படி ஆவது வழக்கம். ஆகவே பச்சைச் சளி என்பது "உள்ளே சண்டை நடக்கிறது" என்ற செய்தி மட்டுமே, எதிரி பாக்டீரியாவா வைரஸா என்று அது சொல்லாது. மாமியாரிடம் இதை மட்டும் சொன்னாலும் போதும். எங்கள் அம்மாவும் இதே நிறத்தைப் பார்த்துத்தான் ஆன்டிபயாடிக் கேட்பார்.

காய்ச்சலும் அப்படித்தான். விழுங்கும் செல்கள் விடுகிற ரசாயனங்கள் மூளையின் அடிப்பகுதிக்குப் போய், அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்க வைத்து, உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கச் சொல்கின்றன. பிள்ளை நடுங்குவது அதனால்தான், உடம்பு தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. சளி தருகிற ரைனோவைரஸ் 33 டிகிரி இருக்கும் மூக்கில் செழிக்கும், சூடு ஏறினால் அதற்கு ஆகாது. பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்துச் சூட்டை இறக்குகிறது, கிருமியை ஒன்றும் செய்வதில்லை. பிள்ளை துவண்டு போய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றால் கொடுங்கள், 38 இருந்தும் விளையாடிக்கொண்டிருந்தால் எண்ணை இறக்குவதற்காக மட்டும் மணிக்கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

"சரி, உதவாது. ஆனா கெடுதல் என்ன?" என்று கேட்பார்கள். நிறைய உண்டு. மகனின் குடலில் நல்ல பாக்டீரியா கோடிக்கணக்கில் குடியிருக்கிறது, கெட்டது வந்து இடம் பிடிக்காமல் அடைத்துக்கொண்டிருப்பதால் அதுவும் காவலின் ஒரு பகுதிதான். அமாக்சிசிலினுக்கு நல்லது கெட்டது தெரியாது, சுவர் இருந்தால் உடைக்கும். அதனால்தான் ஆன்டிபயாடிக் குடித்த பிள்ளைக்கு வயிற்றால் போகிறது. இன்னொன்று, சில வைரஸ் காய்ச்சல்களில், முக்கியமாக எப்ஸ்டீன் பார் வைரஸில், அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும். உடனே "பெனிசிலின் அலர்ஜி" என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். உண்மையில் அலர்ஜி இருக்காது, ஆனால் பின்னால் அவனுக்கு நிஜமாகவே பெனிசிலின் தேவைப்படும் நாளில் அதைக் கொடுக்கப் பயந்து வேறு மருந்துக்குப் போவார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றைப் பிசைவது மருந்துக்கு மசியாத கிருமிகள்தான். எங்கள் அம்மாவுக்கு இனிப்புநீர். வருடக்கணக்கில் தொண்டை கரகரத்தாலும் இருமினாலும் ஏதோ ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிக்கொள்வார், மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை டப்பாவில் போட்டு வைப்பார். நான் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த காலம், கவனிக்கவில்லை. ஒருமுறை சிறுநீர்த் தொற்று வந்து குளிர்க்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரை வளர்த்துப் பார்த்த அறிக்கையில், ஈ.கோலை பாக்டீரியா, அதற்கு எதிரே வாயால் சாப்பிடும் மருந்துகள் வரிசையாக "வேலை செய்யாது" என்று இருந்தது. பெனிசிலின் குடும்பத்தையும் அதற்கு அடுத்த செஃபலோஸ்போரின் குடும்பத்தையும் அறுத்துப் போடும் நொதியை அந்தக் கிருமி வைத்திருந்தது. தினமும் நரம்பில் ஏற்றும் எர்டபெனெம் ஊசி ஒன்றுதான் வழி. பிழைத்துக்கொண்டார். ஆனால் மருந்தாளரின் வீட்டிலேயே இது நடந்தது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இது எப்படி உண்டாகிறது என்றால், பாக்டீரியாவுக்கு வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். இத்தனை பெருக்கத்தில் ஏதோ ஒன்றில் தற்செயலாக மாற்றம் விழும். மருந்து மற்றதையெல்லாம் கொன்று அதற்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. இன்னும் மோசம், அந்த நொதிக்கான மரபணுவைச் சின்ன வளையமாக வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். பெனிசிலின் நோயாளிகளுக்குப் பரவலாகக் கிடைப்பதற்கு முன்பே, 1940-இல், அதை அழிக்கும் நொதி பாக்டீரியாவில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆக்மென்டின் என்ற மருந்தில் அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்த்திருப்பது அந்த மாதிரி நொதியை முடக்குவதற்குத்தான், அதையும் மீறும் நொதிகள் வந்துவிட்டன. ஃபிளெமிங்கே 1945 நோபல் உரையில், குறைந்த அளவில் அரைகுறையாக மருந்து சாப்பிடுகிறவனிடம் கிருமி பழகிக்கொண்டு வீட்டில் இன்னொருவருக்குப் போய்ச் சேரும் என்று எச்சரித்தார். உலக அளவில் 2019-இல் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நம் மலேசியாவில் 1952 நச்சுப்பொருள் சட்டத்தின்படி ஆன்டிபயாடிக்கை டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்தகத்தில் விற்கக்கூடாது. நாங்கள் மறுத்தால் சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள். ஆனால் தனியார் கிளினிக்கில் டாக்டரே மருந்தும் கொடுப்பதால், ஆன்டிபயாடிக் பொட்டலம் இல்லாவிட்டால் கொடுத்த காசுக்கு ஏதோ குறைகிறது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. உங்கள் டாக்டர் காது தொண்டை நெஞ்சு பார்த்து, தேவையில்லை என்று சொன்னார் பாருங்கள், நீங்கள் காசு கொடுத்தது அந்தப் பார்வைக்குத்தான். அவரை விட்டுவிடாதீர்கள்.

ஆன்டிபயாடிக் மேல் எனக்கு விரோதம் கிடையாது. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, மூளை உறைக் காய்ச்சல், வெள்ளத்துக்குப் பிறகு வரும் எலிக்காய்ச்சல், இதிலெல்லாம் அது உயிரைக் காப்பாற்றும், நேரத்தோடு கொடுக்க வேண்டும். இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல் தொண்டை மட்டும் பழுத்து, கழுத்தில் நெறி கட்டினால் ஸ்ட்ரெப் தொண்டையாக இருக்கலாம், அதற்குப் பெனிசிலின் உண்டு. நுரையீரலைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது, அதற்குச் சுவரே கிடையாது, பாக்டீரியாவாக இருந்தும் அமாக்சிசிலின் அதனிடம் பலிக்காது, அசித்ரோமைசின் வகைதான் எடுபடும். எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதைப் பரிசோதித்த ஆள்தான் சொல்ல முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கொடுத்தால் டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள், சில நோய்க்கு 5 நாள் போதும், காசநோய்க்கு 6 மாதம் வேண்டும், நாமாகக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

அடுத்தது, வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். பினாங்கில் பிறந்த ஒருவரின் கதை இதற்குப் பொருத்தம். வூ லியென் தே, 1879-இல் இங்கே பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் போய் டாக்டரானவர். 1910 டிசம்பரில் வட சீனாவின் ஹார்பினுக்கு அனுப்பப்பட்டார், அங்கே பிளேக் என்ற கொள்ளைநோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று எல்லாரும் சொல்ல, இறந்தவர் ஒருவரின் உடலை ஆராய்ந்துவிட்டு, இது மூச்சு வழியாக ஆளுக்கு ஆள் பரவுகிறது என்றார். பருத்தியும் காஸ் துணியும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லாரையும் கட்டச் சொன்னார். மெஸ்னி என்ற அனுபவமுள்ள பிரெஞ்சு டாக்டர் நம்பாமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார், சில நாளில் அதே நோயில் இறந்தார். சுமார் 60,000 பேரைப் பலி வாங்கிய அந்தக் கொள்ளைநோய் 1911 வசந்தத்துக்குள் அடங்கியது. அந்தக் காலத்தில் அதற்கு ஒரு மருந்தும் கிடையாது, ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1940-களில். நோய் எந்த வழியில் நடக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்து அந்த வழியை அடைத்ததுதான் வைத்தியம். பிற்காலத்தில் வூ லியென் தே மலாயாவுக்கே திரும்பி வந்து, 1960-இல் பினாங்கிலேயே காலமானார்.

உங்கள் வீட்டில் வழி எது? சளி வைரஸ் இருமல் தும்மலில் காற்றில் வருகிறது, கையிலும் வருகிறது. பிள்ளை மூக்கைத் துடைத்துவிட்டுக் கதவுப்பிடியைத் தொடுகிறான், பாட்டி அதைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்குகிறார். தைப்பூசம் முடிந்து தண்ணீர்மலைக் கூட்டம் கலைந்த மறுவாரம் எங்கள் கடையில் இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் காற்று எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று தெரியும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பாட்டிக்கு வயதாகியிருந்தால் பிள்ளையைத் தூக்கும்போது முகக்கவசம் போடச் சொல்லுங்கள். கை கழுவுவதில் ஒரு விஷயம், எல்லாரும் பையில் ஜெல் வைத்திருக்கிறார்கள், கொழுப்புப் படலம் உள்ள இன்ஃப்ளூயன்சா, கொரோனா போன்ற வைரஸ்களை ஆல்கஹால் நன்றாகவே அழிக்கும். படலம் இல்லாத ரைனோவைரஸ், நோரோவைரஸ், கை கால் வாய் நோயைத் தருகிற என்டரோவைரஸ் இவற்றிடம் ஜெல் அவ்வளவாக எடுபடாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் அவை உரிந்து போய்விடும். பாலர் பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இது பெரிய வித்தியாசம், 1997-இல் சரவாக்கில் என்டரோவைரஸ் 71 பரவிப் பிள்ளைகள் இறந்ததை நாம் மறக்கக்கூடாது. டயப்பர் மாற்றினாலோ, மலம் கழுவிவிட்டாலோ சோப்புதான்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது. நாம் இருப்பது பினாங்கில், ஆகவே மூன்று நாள் தாண்டிய எந்தக் காய்ச்சலையும் டெங்கி இல்லை என்று ரத்தம் பார்க்காமல் விடாதீர்கள். மூக்கொழுகலும் இருமலும் இருப்பதால் உங்கள் மகனுக்கு அது வாய்ப்புக் குறைவுதான், இருந்தாலும் நாளைக்கும் காய்ச்சல் விடாவிட்டால் அதே டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், அரசாங்கக் கிளினிக்கிலும் எடுப்பார்கள். டெங்கியில் ஏமாற்றுவது என்னவென்றால், காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். இறங்கிவிட்டதே என்று நிம்மதியாகும்போது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை சோர்ந்து எழுப்பினாலும் எழாமல் கிடப்பது, கை கால் சில்லிடுவது, இதில் ஒன்று இருந்தாலும் இரவானாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். டெங்கி இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுபுரோஃபென் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவைக் கூட்டும், ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதுமே வேண்டாம்.

டெங்கி தவிர: பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ நிமோனியாவாக இருக்கலாம். காது வலி என்று அழுதால், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால், நன்றாகிக்கொண்டே வந்து திடீரென்று மறுபடி காய்ச்சல் அடித்தால், பத்து நாள் ஆகியும் மூக்குச் சளி கொஞ்சமும் குறையாவிட்டால் திரும்பக் காட்டுங்கள். இந்தச் சமயங்களில் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் தயங்காமல் கொடுங்கள். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம், அது தனியாகப் பயப்பட வேண்டியதில்லை. இந்த வயதில் வருடத்துக்கு ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பதும் வழக்கம்தான், எதிர்ப்பு சக்தி குறைவு என்று டானிக் தேடி அலையாதீர்கள்.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்றால், மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, பழையபடி சாப்பிட்டு ஓடியாடத் தொடங்கிய பிறகு அனுப்புங்கள், மூக்கு லேசாக ஒழுகினாலும் பரவாயில்லை. கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் தெரிந்தால் மட்டும் அனுப்பாமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஐஸ்பெட்டியில் இருக்கிற அந்தப் போத்தலைத் தொட்டியில் ஊற்றாமல், மருந்து திரும்பப் பெறும் அரசாங்க மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள், அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போனால் வேலை முடிந்தது.